ஏர்க்காலுக்கு வந்த மின்சாரம்

1866-ல் டெக்சாஸ் மாட்டு மந்தைக்காரரான சார்லஸ் குட்நைட், ராணுவம் கழித்துவிட்ட ஸ்டூடிபேக்கர் வண்டி ஒன்றை வாங்கினார். அதன் பின்புறத்தில், நம் அஞ்சறைப்பெட்டியைப் பெரிதாக்கி நிமிர்த்தி வைத்ததுபோல ஒரு மரப்பெட்டியைப் பொருத்தினார். மூடியைக் கீழே மடக்கினால் அதுவே சமையல் மேசை. மந்தையோடு மாதக்கணக்கில் திரிந்தவர்களுக்குச் சாப்பாடு போட்ட அந்த வண்டிக்கு இன்னொரு வேலையும் இருந்தது. இரவு படுக்கப் போகுமுன் சமையல்காரர் துருவ நட்சத்திரத்தைத் தேடிப் பிடித்து, வண்டியின் ஏர்க்காலை அதற்கு நேராகத் திருப்பி வைப்பார். விடியும்போது வானம் மூடிக் கிடந்தாலும் வடக்கு எந்தப் பக்கம் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

ஏர்க்காலை அமெரிக்கர்கள் 'நாக்கு' என்பார்கள். குதிரை போய்க் கார் வந்து, வண்டி சக்கரம் வைத்த வீடாக மாறிய பிறகும் பெயர் மாறவில்லை. காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் டிரெய்லரின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் முக்கோண இரும்புச் சட்டம் இன்றும் நாக்குதான். டிரெய்லரின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் கதவைத் திறந்து உள்ளே போய்விட்டார்கள். அடுப்பையும் கட்டிலையும் குளியலறையையும் வியந்தார்கள். ஆனால் வீட்டின் சுமை வந்து இறங்குவது வெளியே, இந்த நாக்கின் மேல்.

மாட்டை அவிழ்த்ததும் ஏர்க்காலுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும் என்பது வண்டி கட்டியவர்களுக்குத் தெரியும். டிரெய்லருக்கும் அதே கதி. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்பக்கம் அழுத்தும்படிதான் அதைச் செய்கிறார்கள். குறைந்தால், வேகமெடுத்ததும் பின்பக்கம் வாலாட்டத் தொடங்கிக் காரையே புரட்டிவிடும். ஆக, 3,000 கிலோ வீட்டைக் காரிலிருந்து கழற்றினால் 300 கிலோவுக்குக் குறையாத சுமையை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும்.

தொடக்கத்தில் இந்தச் சிக்கல் இல்லை, ஏனென்றால் வீடே இல்லை. 1919-ல் புளோரிடாவின் டாம்பா நகரப் பூங்கா ஒன்றில் கூடிய கார் பயணிகள் 'தகர டப்பாப் பயணிகள்' என்று தங்களுக்குப் பெயர் சூட்டிக்கொண்டார்கள். காரின் ரேடியேட்டர் மூடியில் ஒரு காலி டப்பாவை ஒட்டிக்கொள்வது அவர்கள் அடையாளம். படுக்கை கூடாரத்தில், சாப்பாடு டப்பாவில்.

கூடாரத்தின் மேல் கோபம் வந்தவர் ஆர்தர் ஷெர்மன். டெட்ராய்ட்டில் மருந்து நிறுவனம் நடத்திய கிருமியியல் அறிஞர். நிமிடங்களில் விரியும் என்ற விளம்பரத்தை நம்பி 1929-ல் ஒரு கூடார டிரெய்லரை வாங்கிக் குடும்பத்தோடு கிளம்பினார். மழை வந்தது. விரிக்க முயன்று முயன்று எல்லாரும் தொப்பலாக நனைந்ததுதான் மிச்சம். ஊர் திரும்பியதும் 6 அடி அகலம், 9 அடி நீளத்தில் கெட்டியான சுவர் வைத்த வண்டி ஒன்றைத் தாமே வடிவமைத்தார். உள்ளே அலமாரி, ஐஸ்பெட்டி, அடுப்பு. குழந்தைகள் அதற்கு வைத்த பெயர் 'மூடு வண்டி'. மேற்கே குடியேறப் போனவர்களின் துணிக்கூரை வண்டிக்கு வழங்கிய அதே பெயர். 1930 ஜனவரியில் டெட்ராய்ட் கார் கண்காட்சியில் 400 டாலர் விலை போட்டு நிறுத்தினார். 118 பேர் பணம் கட்டினார்கள். ஊரே கடனில் மூழ்கத் தொடங்கிய ஆண்டு அது என்பதை நினைத்தால் ஆச்சரியம்தான்.

அந்தக் காலத்தில் நாக்கைப் பற்றி உண்மையிலேயே மூளையைக் கசக்கியவர்கள் விமானக்காரர்கள். விமான முன்னோடி கிளென் கர்டிஸ் 1920-களின் கடைசியில் 'ஏரோகார்' என்ற டிரெய்லரை உருவாக்கினார். காரின் பின்புறத்தில் ஒரு விமான டயரைப் படுக்கவைத்து, அதன் நடுவில் டிரெய்லரின் முனையைச் செருகினார். சாலையின் குலுக்கலைக் காற்றடைத்த ரப்பர் வாங்கிக்கொண்டது. விமானி லிண்ட்பர்க் அட்லாண்டிக்கைத் தாண்டிய விமானத்தின் கட்டுமானத்தை மேற்பார்த்த ஹாலி பௌலஸ், 1934-ல் பளபளக்கும் அலுமினிய டிரெய்லரைக் கொண்டுவந்தார். அழகில் குறையில்லை. கதவைத்தான் முன்பக்கம், சரியாக நாக்குக்கு மேலே வைத்துவிட்டார்! வீட்டுக்குள் நுழைய வேண்டுமென்றால் இரும்புச் சட்டத்தைத் தாண்டிக் குதிக்க வேண்டும்.

அந்தக் கதவைப் பக்கவாட்டுக்கு மாற்றியவர் வாலி பையம். 1936-ல் அவருடைய 'ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்' 1,200 டாலருக்கு வந்தது. நான்கு பேர் படுக்கலாம். உள்ளே மின்விளக்கு எரிந்தது. போருக்குப் பின், 1947-ல் பிரெஞ்சு சைக்கிள் வீரர் ஆல்ஃபிரெட் லெட்டூர்னர் ஒரு ஏர்ஸ்ட்ரீமைத் தம் சைக்கிளில் கட்டி இழுத்துக் காட்டினார். அந்தப் படம் உலகைச் சுற்றியது. சைக்கிளிலிருந்து அவிழ்த்த பிறகு நாக்கை யார் தாங்கினார்கள் என்பது படத்தில் இல்லை.

தாங்கியது வழக்கம்போல ஒரு திருகு ஜாக்கியாக இருந்திருக்கும். திருகைச் சுற்றிப் பாரத்தைத் தூக்கும் கருவியை 13-ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சின் வில்லார் த ஒன்னகூர் தம் ஏட்டில் வரைந்து வைத்திருக்கிறார். அதே திருகுதான் நாக்கின் நுனியில் நின்றது. கைப்பிடியைச் சுற்றச் சுற்ற வண்டி ஒவ்வொரு மயிரிழையாக ஏறும்.

மின்சாரம் இந்த வீட்டுக்குள் நுழைந்த வரிசை வேடிக்கையானது. முதலில் விளக்கு. பிரேக்கும் சீக்கிரமே வந்துவிட்டது. வார்னர் எலக்ட்ரிக் நிறுவனம் 1927-ல் தொடங்கப்பட்டதே மின் பிரேக்குக்காகத்தான். 1957-ல் ஏர்ஸ்ட்ரீமின் 'இன்டர்நேஷனல்', வெளி இணைப்பை நம்பாமல் தன் காலில் நிற்கும் வீடாக வந்தது. வீட்டுக்கென்று ஒரு பேட்டரி நிலையாகக் குடியேறிய பிறகுதான் கைப்பிடியைச் சுற்றும் தோள்பட்டைக்கு விடிவு: மின் ஜாக்கி வந்தது. அந்த பேட்டரியையும் பெரும்பாலும் நாக்கின் மேலேயே, கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். தூக்க வேண்டிய சுமையில் தூக்கும் சக்தியின் எடையும் சேர்ந்துகொள்கிறது.

மின் ஜாக்கியின் உள்ளேயும் திருகுதான். தலையில் 12 வோல்ட் மோட்டார், கீழே பல்சக்கரங்கள், அவ்வளவே. பழையது பழுதாகிப் புதியதை மாட்டுகிறவர் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போட்டு, சட்டத்துக்குக் கீழே பலமாக முட்டுக் கொடுத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஜாக்கியைச் சட்டத்தோடு பிணைக்கும் மூன்று போல்ட்டில் கை வைப்பார். இதில் திகைக்க வைப்பது ஒயர். பல ஜாக்கிகளில் வெளியே வருவது ஒன்றே ஒன்று. அது 30 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக பேட்டரியின் பாசிட்டிவுக்குப் போகிறது. திரும்பும் வழி? போல்ட்டும் இரும்புச் சட்டமும்தான், நம் மெக்கானிக்குகள் சொல்லும் 'பாடி எர்த்'. புதுச் சட்டத்தின் அழகான கறுப்புப் பெயின்ட் இந்த வழியை அடைத்துவிடும். பெயின்டைச் சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டு முறுக்காவிட்டால் மோட்டார் முனகும், அல்லது மௌனமாக இருக்கும். மெல்லிய ஒயரைப் போட்டாலும் அதே முனகல். 12 வோல்ட்டில் வழியில் தொலைக்க மிச்சம் அதிகம் கிடையாது.

30 ஆம்பியர், 12 வோல்ட் என்றால் 360 வாட், ஏறக்குறைய அரைக் குதிரை சக்தி. 1885-ல் இங்கிலாந்தில் ஓய்வுபெற்ற கடற்படை மருத்துவர் கார்டன் ஸ்டேபிள்ஸ் 'வாண்டரர்' என்ற சொகுசு வீட்டு வண்டியில் ஸ்காட்லாந்து வரை போனபோது இழுத்தவை இரண்டு முழுக் குதிரைகள்.

இன்றைய அமெரிக்க டிரெய்லர்களில் பெரும்பகுதி இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத்தில் உருவாகிறது. அங்கிருந்து 25 கிலோமீட்டர் மேற்கே சவுத் பெண்ட். குட்நைட் வாங்கிய வண்டியைச் செய்த ஸ்டூடிபேக்கர் சகோதரர்கள் 1852-ல் கொல்லுலை போட்ட ஊர். அந்தக் காலத்துக் கைவேலையும் முற்றிலும் போய்விடவில்லை. மின் ஜாக்கியின் தலையில் ஒரு சிறிய ரப்பர் மூடி இருக்கிறது. அதைக் கழற்றினால் உள்ளே ஒரு நட்டு. பேட்டரி இறங்கிப்போன இரவுகளுக்கென்று, ஜாக்கி வரும் பெட்டிக்குள் ஒரு கைப்பிடியையும் போட்டே அனுப்புகிறார்கள்.