சென்னை மாநகரும் நூற்செல்வமும்

நூல்களை விரும்புவோர் இருவகையர். அரிய நூலொன்றைத் தேடிப் பெற்று, கற்று, தம்மிடத்தே போற்றிவைத்து மகிழ்வார் ஒருவகையர். தாம் தேடியது தமக்குப் பின்னும் பிறர்க்குப் பயன்படல் வேண்டுமென்று கருதி, அதற்கு ஆவன செய்து போவார் மற்றொரு வகையர். முன்னவர் விருப்பம் அவர்தம் வாழ்நாளோடு முடிவது; பின்னவர் விருப்பம் ஒரு நகரத்துக்கே செல்வமாய் நிலைபெறுவது. இவ்வேறுபாட்டினைச் சென்னை மாநகரத்துப் புத்தகக் கடைகளும் நூல்நிலையங்களும் தம் வரலாற்றால் நன்கு விளக்குகின்றன.

அந்நகரில் நூல் தேடிப் புகும் அன்பன் முதற்கண் அறியத்தக்கது அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூல்நிலையமாகும். அதன் வித்து, நில அளவைத் தொழிலில் அமர்ந்திருந்த கர்னல் காலின் மெக்கன்சி துரையின் தனி முயற்சி. அவர் தம் துணைவரைக் கொண்டு ஊர்தோறும் ஏடுகளையும் கல்வெட்டுப் படிகளையும் வழிவழிச் செய்திகளையும் திரட்டினார். 1821-ஆம் ஆண்டில் அவர் இறந்தபின், கும்பினியார் அத்தொகுதியை விலைகொடுத்துப் பெற்றனர். லெய்டன் என்னும் அறிஞர் திரட்டிய சுவடிகளோ இலண்டன் மாநகரில் கும்பினியாரது மனையிற் கேட்பாரற்றுக் கிடந்தன. அவற்றைக் கண்டு மீண்டும் சென்னைக்கு வருவித்தவர் சி. பி. பிரௌன் துரை. இவ்விருவர் தொகுதியோடு பிரௌன் தாமே திரட்டியதும் சேர, 1869-ஆம் ஆண்டில் அந்நிலையம் அமைந்தது. பொது இடமொன்று வாய்த்திராவிடின், மூவர் உழைப்பும் மூன்று திசையிற் சிதறியிருக்கும் என்பது தெளிவு.

எழும்பூரிலுள்ள கன்னிமாரா நூல்நிலையத்தின் தொடக்கமும் இத்தகையதே. கும்பினி உத்தியோகத்தர்க்குக் கல்வி பயிற்றிய இங்கிலாந்து நாட்டு ஹெய்லிபரிக் கல்லூரியில் மிகையாயிருந்த நூல்கள் 1861-ஆம் ஆண்டில் சென்னைக்கு அனுப்பப்பட்டுப் பொருட்காட்சிசாலையில் வைக்கப்பட்டன. ஓரிடத்தார்க்கு வேண்டாதனவாய்ப் போந்தவை பிறிதோரிடத்தில் நூல்நிலையத்துக்கு அடிப்படையாயின. ஆளுநர் கன்னிமாரா பிரபு 1890-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அடிக்கல் நாட்ட, 1896-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அது திறக்கப்பெற்றது. 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியாவில் வெளிவரும் நூல்களுள் ஒவ்வொரு படி பெறும் உரிமையுடைய நான்கு நூல்நிலையங்களுள் அதுவும் ஒன்றாம்.

நூல்கள் சேர்ந்தாற் போதாது; வேண்டுவார் கையில் அவை சென்று சேர்தலும் வேண்டும். இதனை ஒரு துறையாகவே வகுத்தவர் திருஞானசம்பந்தப் பெருமான் அவதரித்த சீகாழியில் 1892-ஆம் ஆண்டில் தோன்றிய சீ. இரா. அரங்கநாதன் ஆவர். கணித ஆசிரியராயிருந்த அவர் 1924-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக நூல்நிலையத் தலைவரானார். நூல்களைப் பொருள்பற்றிப் பகுக்கும் கோலன் பகுப்புமுறையை 1933-ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1928-ஆம் ஆண்டில் எழுந்த சென்னை நூல்நிலையச் சங்கத்தின் வாயிலாக அவர் ஆற்றிய பணி, 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டமாய்ப் பயன் தந்தது. அச்சட்டத்தால், சொத்துவரியோடு நூல்நிலையத்துக்கென ஒரு சிறு வரியும் தண்டப்படலாயிற்று. தனியார் கொடையை நோக்கியிருந்த நிலைமாறி, நூல் காத்தல் ஊரார் அனைவர் கடனுமாயிற்று.

இனிப் புத்தகக் கடைகளை நோக்குமிடத்து, புதுநூல் விரும்புவார்க்கு மவுண்டு ரோட்டில் 1844-ஆம் ஆண்டு தொட்டு விளங்கும் ஹிக்கின்பாதம்ஸ் கடை பெயர்பெற்றது. பழநூல் விரும்புவார்க்கோ சென்ட்ரல் புகைவண்டி நிலையத்தை அடுத்திருந்த மூர் மார்க்கெட்டே புகலிடமாயிருந்தது. நகரசபைத் தலைவர் ஜார்ஜ் மூர் துரையின் பெயரால் 1900-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அவ்வங்காடியில், பழம்புத்தக வணிகர் நிரையாகக் கடை பரப்பியிருந்தனர். கற்றவர் ஒருவர் மறைந்தபின் அவர் வீட்டார் எடைக்கு இட்ட நூல், அங்கே மற்றொரு கற்றவர் கைக்கு வந்து சேரும். முதற்பதிப்பொன்று சில அணாவுக்குக் கிடைத்தலும் உண்டு. 1985-ஆம் ஆண்டு மே மாதத்தில் அக்கட்டடம் தீக்கிரையாயிற்று. பின்னர் அவ்விடத்தில் புறநகர்ப் புகைவண்டி நிலையம் எழுந்தது. வணிகர் அணித்தேயுள்ள அல்லிக்குளத்துக் கடைகட்குப் பெயர்ந்தனர்.

இதனாற் கடைகள் இழிந்தன என்பது கருத்தன்று. கடை கால்வாய் போல்வது. நூல்நிலையம் ஏரி போல்வது. கால்வாயின்றி ஏரி நிரம்பாது. ஏரியின்றிக் கால்வாயில் ஓடிய நீரோ வீணே கடலிற் போய்ச் சேரும். ஆதலின் நூலன்பர் செய்யத்தக்கது, கால்வாயில் வந்த நீரை ஏரியிற் சேர்ப்பதேயாகும்.

அங்ஙனம் சேர்த்தாருள் சைவ உலகம் என்றும் மறவாதவர் மறைமலையடிகள் (1876 - 1950). அடிகள் பல்லாவரத்தில் வாழ்ந்த காலத்து நாலாயிரம் அளவினவாகிய நூல்களைத் தொகுத்தனர். அவை தமக்குப்பின் பொதுமக்கட்குப் பயன்படல் வேண்டுமென்று விருப்ப ஆவணமும் எழுதிவைத்தனர். அவ்விருப்பத்தைத் தென்னிந்திய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தார் தலைமேற்கொண்டு, 1958-ஆம் ஆண்டில் மறைமலையடிகள் நூல்நிலையத்தை நிறுவினர். மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள் 1942-ஆம் ஆண்டில் மறைந்தபின், அவர் ஊரூராய் அலைந்து தேடிய ஏடுகட்கு அடுத்த ஆண்டிலேயே அவர் பெயரால் அடையாற்றில் ஒரு நிலையம் வாய்த்தது. அது பின்னர்ப் பெசன்ட் நகருக்குப் பெயர்ந்தது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் தொழிலுடையராயிருந்த ரோஜா முத்தையா என்பார், பெருஞ்செல்வமின்றியும் பல்லாயிரம் தமிழ் நூல்களைத் திரட்டினார். 1992-ஆம் ஆண்டில் அவர் மறைந்தபின் சிகாகோப் பல்கலைக்கழகத்தார் அத்தொகுதியை வாங்கினர். வாங்கியும் அதனைக் கடல்கடத்தாது, 1994-ஆம் ஆண்டில் சென்னையிலேயே ஆராய்ச்சி நூல்நிலையமாக்கினர். துறவி, ஆசிரியர், தொழிலாளி என நிலையால் வேறுபட்ட இம்மூவர் தேட்டமும் சிதையாது நின்றமைக்குக் காரணம், அவர்க்குப்பின் அதனை ஏற்றுக்காக்கப் பொதுக்கை ஒன்று முன்வந்தமையேயாம்.

ஓலையைக் கறையான் அரிக்கும். தாளைத் தீயும் நீரும் அழிக்கும். இவற்றினும் கொடியது, உடையவர் காலத்துக்குப்பின் நூலின் அருமை அறியாதார் மனையில் அஃது அடைபட்டுக் கிடத்தல். இன்று வீடுகளிற் பேழைக்குள் உறங்கும் சித்தாந்த நூல்களும் பழம்பதிப்புக்களும் பல. அவற்றையுடையார் தம் வாழ்நாளிலேயே அவை சென்று சேரத்தக்க இடத்தைத் தேர்ந்து, எழுத்தில் வரைந்து வைப்பாராயின், அதுவே அந்நூல்களை இயற்றிய ஆசிரியர்க்கும் வரும் தலைமுறையார்க்கும் ஒருங்கே செய்யும் தொண்டாகும்.