துறவும் நிலமும்: மாத்தளை விகாரைகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

உடைமையைத் துறந்தோர் காலப்போக்கில் உடைமையாளராக மாறுதல் உலக வரலாற்றில் அரிய நிகழ்ச்சியன்று. கி. பி. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ற் வகுத்த ஒழுங்கு விதி, துறவி ஒருவன் எழுதுகோல் ஒன்றையேனும் தனதென்று கொள்ளலாகாது எனக் கட்டளையிட்டது. எனினும் அவ்விதியை ஏற்ற இங்கிலாந்து மடங்கள் பிந்திய மத்திய காலத்தில் அந்நாட்டின் பெரும் நிலவுடைமையாளருள் வைத்து எண்ணப்பட்டன. பௌத்த மரபும் பிக்கு பொன்னையும் வெள்ளியையும் வயலையும் ஏற்பதை விலக்கியது. எனினும் இலங்கை விகாரைகள் வயல்களையும் குளங்களையும் முழுக் கிராமங்களையும் மானியமாகப் பெற்றன. சமூகவியலறிஞர் மாக்ஸ் வேபர் இதனை மடாலய நிலப்பிரபுத்துவம் எனக் குறிப்பிட்டார். இம்முரண்பாட்டைத் துறவிகளின் ஒழுக்கக் குறைவின் விளைவெனக் கூறி அமைதல் எளிது. ஆனால் மாத்தளைப் பகுதியின் வரலாறு அவ்வெளிய விளக்கத்துக்கு இடந்தருவதாயில்லை.

கி. மு. முதலாம் நூற்றாண்டில் அநுராதபுரத்தை ஆண்ட வட்டகாமணி அபயன் ஆட்சியேறிய சில மாதங்களிலேயே தென்னிந்தியப் படையெடுப்பினால் அரசிழந்து, ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் தலைமறைவாக வாழ்ந்தான். மாத்தளை மாவட்டத்தின் வட பகுதியிலுள்ள தம்புள்ளைக் குகைகளில் அவன் தங்கியிருந்தான் என்பது மரபு. அக்காலத்தில் தனக்கு உணவளித்த தேரர் ஒருவரின் விகாரைக்கு அவன் சங்கத்தின் பயன்பாட்டுக்காக நிலம் வழங்கி, அதனைத் தாழை மடலில் எழுதிக்கொடுத்தான் என மகாவம்சம் கூறுகின்றது. நாடிழந்து காட்டில் ஒளிந்திருந்த மன்னன் கொடுத்த அச்சாசனமே சங்கத்துக்கு நிலம் வழங்கப்பட்டமை பற்றிய முற்பட்ட குறிப்புகளுள் ஒன்றாகும்.

அதே மன்னனின் காலத்திலேயே, அதுவரை வாய்மொழியாகப் பேணப்பட்டு வந்த திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டது. நிகழ்ச்சியைக் கூறும் மகாவம்சம் அதன் இடத்தைக் கூறவில்லை. பிற்கால மரபு அதனை மாத்தளை நகருக்கு வடக்கே அண்மையிலுள்ள அளுவிகாரை என்கின்றது. படையெடுப்போடு கொடிய பஞ்சமும் நாட்டை வாட்டிய காலம் அது. பிக்குகள் பலர் மாண்டனர். பலர் கடல் கடந்தனர். மனனம் செய்த ஒருவர் இறப்பின் அவரோடு நூலும் இறந்துவிடும் என்ற அச்சம் தோன்றியது. பஞ்சம் நீங்கிய பின்னர் சாசனத்தின் வேர் கல்வியா, ஒழுக்கமா என்ற விவாதம் பிக்குகளிடையே எழுந்ததென்றும், கல்வியே வேர் என முடிவாயிற்றென்றும் பாளி உரைநூல்கள் கூறுகின்றன.

இம்முடிவு சமயத்துறையோடு நின்றுவிடவில்லை. காட்டில் தனித்துத் தவமியற்றும் பிக்குவுக்கு ஒருவேளைப் பிச்சை போதும். நூலைப் பேணும் பிக்குவுக்கோ ஏடு வேண்டும், எழுதுவோர் வேண்டும், மாணாக்கர் வேண்டும், அவரனைவருக்கும் ஆண்டு முழுவதும் தவறாத உணவு வேண்டும். பஞ்சகாலத்தில் பிச்சைப் பாத்திரம் நிரம்பாது என்பதை அத்தலைமுறை கண்கூடாக அறிந்திருந்தது. ஆகவே ஏடும் நிலமும் ஒரே நெருக்கடியின் இரு விளைவுகள் எனலாம். துறவு நிலத்தை நாடியதற்குப் பேராசையன்றி நிலைத்தல் பற்றிய கவலையே முதற் காரணமாயிற்று.

ஆனால் நிலம் தானாக விளைவதில்லை. அநுராதபுர, பொலன்னறுவைக் காலங்களில் விகாரைச் சொத்து எவ்வாறு பெருகியது என்பதைப் பேராசிரியர் ஆர். ஏ. எல். எச். குணவர்த்தன 1979இல் வெளிவந்த தமது நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். கண்டி இராச்சிய காலத்தில் இவ்வமைப்பு தெளிவான உருவம் பெற்றிருந்தது. விகாரைக்கு உரிய கிராமம் விகாரகம எனப்பட்டது. அதன் ஒரு பகுதி முத்தெட்டு. அதன் விளைவு விகாரைக்கே உரியது. ஏனைய நிலம் பங்குகளாகக் குடிகளிடம் இருந்தது. பங்கை அனுபவித்தவன் முத்தெட்டை உழுதல், கூரை வேய்தல், எண்ணெய் கொண்டுவருதல், பறை முழக்குதல் முதலிய சேவைகளுள் தனக்கு விதிக்கப்பட்டதைச் செய்தல் வேண்டும். சாதிப் பிரிவே பெரும்பாலும் சேவையை வரையறுத்தது. கொடையளித்த அரசனுக்கும் ஏற்ற சங்கத்துக்கும் புண்ணியம் பற்றிய நூல்கள் இருந்தன. உழைத்தவனின் கணக்கை எழுதிவைத்தோர் அரியர்.

இங்கிலாந்தில் அக்கணக்கு ஒருமுறை வெளிப்படையாகவே தீர்க்கப்பட்டது. சென்ற் அல்பன்ஸ் மடத்தின் குடிகள் தம் தானியத்தை மடத்தின் ஆலையிலேயே கூலி கொடுத்து அரைக்க வேண்டியிருந்தது. வீடுகளில் திரிகை வைத்திருந்தோரிடமிருந்து அவற்றைப் பறித்த மடாதிபதி, 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அக்கற்களைத் தமது மடத்தின் தளத்திற் பதிப்பித்தார். 1381இல் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தபோது மக்கள் உட்புகுந்து அத்தளத்தைப் பெயர்த்துத் துண்டு துண்டாகப் பகிர்ந்து கொண்டனர். செபிப்போரும் அரைப்போரும் ஒரே கல்லை இரு வேறு கண்களாற் பார்த்தனர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நிலவுடைமை துறவின் உள்ளமைப்பையும் மாற்றியது. இங்கிலாந்து மடத்தின் சொத்து அம்மடம் என்னும் கூட்டமைப்புக்கு உரியது. கண்டியிலோ விகாரையின் பொறுப்பு ஆசிரியரிடமிருந்து மாணாக்கருக்குச் சென்றது. அம்மாணாக்கர் பெரும்பாலும் அவர் மருமகனாகவோ உறவினராகவோ இருந்தார். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முறையான உபசம்பதா பெற்ற பிக்கு ஒருவரேனும் நாட்டில் இல்லாத நிலை ஏற்பட்டிருந்தது. கணின்னான்சே எனப்பட்டோர் குடும்ப வாழ்வு நடத்தியவாறே விகாரை நிலங்களை அனுபவித்தனர். துறவு மறைந்த பின்னரும் நிலம் நின்றது. வெலிவிட்ட சரணங்கரரின் முயற்சியாலும், மதுரை நாயக்கர் வழிவந்த கீர்த்திசிறீ இராசசிங்கனின் ஆதரவாலும் 1753இல் சீயத்திலிருந்து உபாலி தேரர் வரவழைக்கப்பட்டு உபசம்பதா மீட்கப்பட்டது. தம்புள்ளைக் குகைகளில் இன்று காணப்படும் ஓவியங்களிற் பெரும்பாலானவை அம்மன்னன் காலப் புனரமைப்பைச் சார்ந்தவை. எனினும் புதிய சீய நிகாயத்தில் உயர்சாதியினர் மட்டுமே உபசம்பதா பெறலாம் என்ற வரையறை விரைவில் நிலைபெற்றது. நிலத்தைச் சூழ்ந்த சமூகம் துறவுக்குள்ளும் புகுந்துகொண்டது.

இவ்விரு நாடுகளிலும் துறவற நிலத்தின் முடிவு வேறுபட்டமைந்தமை சிந்தனைக்குரியது. மடங்களுக்குச் செல்லும் நிலம் மீளாது என அஞ்சிய ஆங்கில அரசு 1279இலேயே அத்தகைய கொடைகளைச் சட்டத்தாற் கட்டுப்படுத்தியது. 1535இல் எட்டாம் ஹென்றி திருச்சபையின் வருமானம் முழுவதையும் கணக்கெடுப்பித்தான். 1536இல் சிறிய மடங்கள் கலைக்கப்பட்டன. 1540க்குள் ஏறத்தாழ 800 மடங்களுள் ஒன்றும் எஞ்சவில்லை. நிலத்தை வாங்கியோர் செல்வந்தராயினர். துறவிகளுட் பலருக்கு ஓய்வூதியம் கிடைத்தது. குடியானவனுக்கு நிலக்கிழார் மட்டும் மாறினார்.

கண்டியிற் பறிபோனது நிலமன்று, மன்னனே. இலங்கை மரபில் அரசன் சங்கத்துக்கு நிலம் கொடுப்பவன் மட்டுமல்லன். சங்கம் நெறி தவறுமிடத்துக் கதிகாவத்துகள் எனப்படும் விதிகளை இயற்றுவித்துத் திருத்துபவனும் அவனே. 1815 ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு பௌத்த சமயத்தைக் காப்பதாக உறுதியளித்தது. ஆனால் கிறித்தவ மிசனரிகளின் வற்புறுத்தலால் 1840களிற் பிரித்தானிய அரசு அப்பொறுப்பிலிருந்து விலக முற்பட்டது. கொடுப்போனும் திருத்துவோனும் இன்றி நிலம் மட்டும் எஞ்சியது.

இப்பின்னணியிலேயே 1848 மாத்தளைக் கிளர்ச்சியை நோக்குதல் வேண்டும். துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் விதிக்கப்பட்ட வரிகளும், ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை அல்லது அதற்கீடான பணம் கோரிய சட்டமும் உடனடிக் காரணங்கள். அச்சட்டம் பிக்குகளையும் தொட்டது. அவ்வாண்டு யூலை மாதத்தில் கொங்காலேகொட பண்டா தம்புள்ளை விகாரையில் மன்னனாக முடிசூட்டப்பட்டான். அவ்விடம் தற்செயலாகத் தெரிவு செய்யப்பட்டதன்று. வெறுமையாயிருந்த இடத்தை நிரப்பும் முயற்சியாகவே அதனைக் கொள்ளலாம். கிளர்ச்சி அடக்கப்பட்டது. புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டான். கடஹபொல என்ற பிக்கு காவியுடையுடனேயே சுடப்பட்டார்.

அதன்பின் அரசனின் இடத்தைச் சட்டமும் நீதிமன்றமும் பெற்றன. 1856இல் விகாரை நிலங்களைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. 1870ஆம் ஆண்டுச் சட்டம் சேவையைப் பணமாக மாற்றிச் செலுத்தும் உரிமையைக் குடிகளுக்கு அளித்தது. நிலத்தின் உரிமையை அளிக்கவில்லை. 1972ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் தனியார் நிலத்துக்கு உச்சவரம்பு விதித்தபோதும் விகாரை நிலங்களுக்கு விலக்களித்தது.

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படுவது யாது? நிலமின்றேல் அளுவிகாரையின் ஏடுகள் வழிவழியாகப் படியெடுக்கப்பட்டிரா; தம்புள்ளையின் ஓவியங்களும் தீட்டப்பட்டிரா. இங்கிலாந்து மடங்கள் அழிந்தபோது அவற்றின் நூலகங்களும் சிதறியமை இதற்கு மறுதலைச் சான்றாகும். ஆயின் அவ்வேட்டைக் காத்த செலவை ஏடறியாத உழவனே தலைமுறை தலைமுறையாகச் செலுத்தினான். துறவியின் பெருமையைப் பாடுவோர் இச்செலவை மறத்தலும், நிலவுடைமையைக் கண்டிப்போர் அது காத்த செல்வத்தை மறத்தலும் ஒருபக்க நோக்காகும். தாழை மடலில் நிலத்தை எழுதிய கையும் ஓலையில் தர்மத்தை எழுதிய கைகளும் ஒரே காலத்துக்குரியவை. அவ்விரு எழுத்துக்களையும் சேர்த்துப் படிக்கும்போதே முத்தெட்டை உழுதவனுக்கும் வரலாற்றில் இடம் கிடைக்கும்.