மணலில் எழுதிப் பழகிய ஐயர்



இன்று ஜூலை 9. 1706-இல் இதே நாளில்தான் சீகன்பால்கு ஐயரும் அவர் நண்பர் புளூட்சோவும் தரங்கம்பாடியில் வந்திறங்கினார்கள். இருவரும் ஜெர்மானியர்கள், டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக் அனுப்பி வந்தவர்கள்.

ரொம்ப வருஷத்துக்கு முன்னால் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே சுற்றுலா அழைத்துப் போனேன். கோட்டையைக் காட்டிவிட்டு, புது எருசலேம் ஆலயத்தில் ஐயரின் கல்லறைக்குப் பக்கத்தில் நின்று, "இருட்டில் இருந்த நம் ஜனங்களுக்கு வெளிச்சம் கொண்டுவந்தவர் இவர்" என்றேன். ஒரு பையன் கேட்டான்: "அப்ப எங்க அப்பாயியும் இருட்டுலயா டீச்சர்?" "பேசாம வரிசையில நில்லு" என்று அதட்டிவிட்டேன். என்னிடம் பதில் இல்லை, அவ்வளவுதான்.

ஓய்வு பெற்ற பிறகுதான் ஐயரைப் பற்றி நிதானமாக வாசித்தேன். போதிக்க வந்த மனுஷன் முதலில் செய்தது படிக்க உட்கார்ந்ததுதான். வயதான தமிழ் வாத்தியார் ஒருவர் தம் பள்ளிப் பிள்ளைகளோடு ஐயரின் வீட்டுக்கே வந்து பாடம் நடத்தினார். பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஐயரும் மணலில் விரலால் அ, ஆ எழுதினார். மெத்தப் படித்த ஒருவர் அரிச்சுவடி வகுப்பில் போய் உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்று வாத்தியார் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்!

இரண்டே வருஷத்தில், 1708-இல், தாம் சேர்த்த தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியல் எழுதினார். திருக்குறளும் அதில் உண்டு. கொன்றை வேந்தனையும் உலக நீதியையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். வரும்போது இந்த ஜனங்களைக் கல்வியும் நல்லொழுக்கமும் இல்லாதவர்கள் என்று எண்ணியிருந்ததாகவும், அவர்கள் நூல்களைப் படித்த பிறகு அந்த எண்ணம் மாறியதாகவும் அவரே எழுதி வைத்திருக்கிறார். அந்த வருஷக் கடைசியிலேயே கோட்டைத் தலைவரோடு தகராறாகி நாலு மாதம் சிறையில் இருந்தார். அதற்குப் பிறகும் விடவில்லை. 1711-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் முடித்தார்.

இதற்காக அவர் விசுவாசம் குறைந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். விக்கிரக வணக்கத்தை அவர் கடைசிவரை ஏற்கவில்லை, கண்டித்தே எழுதினார். ஆனால் கண்டிப்பதற்கு முன் கேட்டார். ஊர்ப் பெரியவர்களுக்குக் கேள்விகள் அனுப்பி, அவர்கள் எழுதிய பதில் கடிதங்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்து ஊருக்கு அனுப்பினார். பராபரவஸ்துவில் தொடங்கி மாரியம்மன், ஐயனார், பிடாரி வரை நம் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதி 1713-இல் ஹாலே நகரத்துக்கு அனுப்பினார்.

அங்கே அவருடைய குரு பிராங்கேக்கு அது பிடிக்கவில்லை. அஞ்ஞானத்தை வேரறுக்கப் போனவர் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர் எண்ணம். நூல் அப்படியே கிடந்தது. 1719-இல் ஐயர் காலமானபோது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. நூல் அச்சேறியது 1867-இல், சென்னையில். 154 வருஷம்!

பிராங்கே பக்தி இல்லாதவர் அல்ல. அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லமும் பள்ளியும் நடத்திய பெரிய மனுஷர். அந்த வாத்தியார் முன்னால் மணலில் உட்காரும் வாய்ப்புதான் அவருக்குக் கிடைக்கவில்லை. எனக்கோ அந்த வாய்ப்பு வரிசையில் நின்று கேள்வி கேட்டது. நான் அதட்டினேன். ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் பெற்று, ஞாயிறு பள்ளியிலும் பாடம் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது.

அந்தப் பையன் இப்போது இந்தப் பக்கத்தில் என் நண்பர்களில் ஒருவன். தன் பிள்ளைகளின் படமெல்லாம் போடுகிறான். பெயர் சொல்லமாட்டேன், அவனுக்கே தெரியும்.

தம்பி, உன் அப்பாயி எந்தச் சாமியைக் கும்பிட்டாங்க? விளக்கேத்தி என்ன வேண்டிக்கிட்டாங்க? உனக்கு என்ன சொல்லிக் கொடுத்தாங்க? நேரம் கிடைக்கும்போது எழுது. நீளமா இருந்தாலும் பரவாயில்லை, டீச்சர் முழுசா வாசிக்கிறேன்.