பூமிபுத்திரா

'பூமி', 'புத்ர' என்ற சமஸ்கிருதச் சொற்கள் மலாயில் இணைந்து பிறந்த சொல். மண்ணின் மைந்தர் என்று பொருள். மலேசிய அரசியலமைப்பில் இது இல்லை. அதன் 153ஆவது பிரிவு மலாய்க்காரர், சபா, சரவாக் பூர்வகுடியினர் என்றே சொல்கிறது. 1971 திருத்தம் உயர்கல்வி இடங்களையும் அவர்களுக்கான ஒதுக்கீட்டில் சேர்த்தது. ஜொகூரின் சிகாமட்டில் யுஐடிஎம் என்ற அரசுப் பல்கலைக்கழகத்தின் வளாகம் உண்டு. அதன் டிப்ளோமா, இளங்கலை வகுப்புகள் பூமிபுத்திரா மாணவருக்கே. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்பிலும் 90 விழுக்காடு இடங்கள் அவர்களுக்குத்தான். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தமிழரின் பேத்தியும் இந்த மண்ணில் பிறந்தவள்தானே? பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் 10ஏ பெற்றால் இனம் பாராமல் மெட்ரிகுலேஷன் இடம் என்று 2024இல் அரசு அறிவித்தது. நல்லதுதான். ஆனால் டியூஷனுக்குப் பணமில்லாமல் ஏழு ஏ எடுத்தவளுக்கு அந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை.