13 என்ற எண் எங்கிருந்து வந்தது?

கோடை விடுமுறையில் ஒரு மதியம், டேப்லெட்டும் கையுமாக சோபாவில் கிடந்த என் பேரன் திடீரென்று, "தாத்தா, இதுல எனக்குப் பதினாறு வயசு" என்று சொல்லிச் சிரித்தான். அவனுக்கு 12 வயதுதான் ஆகிறது. ஒன்பது வயதில் அந்த விளையாட்டுத் தளத்தில் கணக்குத் தொடங்கியபோது பிறந்த ஆண்டைக் கேட்டிருக்கிறது. உண்மையைப் போட்டால் உள்ளே விடாது என்று யாரோ சொல்ல, வயதில் நான்கைக் கூட்டிப் போட்டிருக்கிறான். யாரோ என்று நான் மழுப்புவானேன், சொல்லிக்கொடுத்தது அவன் அப்பா, அதாவது என் மகன்.

மாலையில் பூங்கா பெஞ்சில் இதைச் சொன்னபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. அநேகமாக எல்லா வீட்டிலும் இதே கதைதான். "பதிமூணு வயசுக்கு மேல ஆபத்தில்லைன்னு டாக்டருங்க சொல்லித்தானே வச்சிருக்காங்க?" என்று கேட்டார் ஒரு நண்பர். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தேடிப் படித்த பிறகுதான் தெரிந்தது, அந்த எண்ணின் வரலாறே வேறு.

கதை தொடங்குவது 1996-ல், அமெரிக்காவில். வீடுகளுக்கு இணையம் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. கிட்ஸ்காம் என்று ஒரு தளம், குழந்தைகளுக்கென்றே நடத்தப்பட்டது. விளையாட்டு, பேனா நண்பர்கள், போட்டிகள் எல்லாம் உண்டு. கூடவே கேள்வித்தாளும் உண்டு. பெயர், பிறந்த நாள், உனக்கு என்ன பிடிக்கும் என்று பதில் எழுதினால் "கிட்ஸ்கேஷ்" என்ற புள்ளிகள் கிடைக்கும். அவற்றைக் கொடுத்துப் பரிசு வாங்கலாம். அந்தப் பதில்கள் சந்தை ஆய்வுக்குப் பயன்பட்டது பிள்ளைகளுக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. சென்டர் ஃபார் மீடியா எஜுகேஷன் என்ற அமைப்பு இதைக் கண்டுபிடித்து, ஃபெடரல் டிரேட் கமிஷன் என்ற அரசு ஆணையத்திடம் புகார் செய்தது. தளம் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டதால் ஆணையம் நடவடிக்கை எடுக்கவில்லை. ஆனால் குழந்தையிடம் தகவல் வாங்குவதற்கு முன் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும் என்று 1997 ஜூலையில் எழுத்தில் தெரிவித்தது.

அடுத்த ஆண்டு அதே ஆணையம் 212 குழந்தைகள் தளங்களை எடுத்து ஆராய்ந்தது. அவற்றில் 89 சதவீதம் பிள்ளைகளிடம் தனிப்பட்ட தகவல்களை வாங்கிக்கொண்டிருந்தன. பெற்றோரின் கையில் ஏதாவது ஒரு கட்டுப்பாட்டைக் கொடுத்தவை 10 சதவீதம்கூட இல்லை. கவனியுங்கள், இவை ஆபாசத் தளங்கள் அல்ல. பொம்மைப் படமும் வண்ண எழுத்துமாக, எந்த அம்மாவும் நம்பி விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போகக்கூடிய தளங்கள்.

1998 அக்டோபர் 21 அன்று அதிபர் கிளிண்டன் கையெழுத்திட்ட ஒரு பெரிய மசோதாவுக்குள் குழந்தைகள் இணையம் பற்றி இரண்டு சட்டங்கள் இருந்தன. பெயர்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஒன்று கோபா, இன்னொன்று கோப்பா. குழப்பத்தைப் பற்றி அவர்கள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. முதலாவது, பிள்ளைகள் கண்ணில் எது படக்கூடாது என்பதைப் பற்றியது. பேச்சுரிமைக்கு எதிரானது என்று நீதிமன்றங்கள் அதை நிறுத்திவைத்தன. பத்தாண்டு வழக்குக்குப் பிறகு, ஒரு நாள்கூட அமலுக்கு வராமலே 2009-ல் முடிந்துபோனது. இரண்டாவது, பிள்ளைகளிடமிருந்து எதை எடுக்கக்கூடாது என்பதைப் பற்றியது. 13 வயது நிரம்பாத குழந்தையின் பெயர், முகவரி போன்றவற்றை வாங்கப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்றது. அது 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்து இன்றுவரை இருக்கிறது. நாம் எல்லோரும் பார்க்கும் 13 அதிலிருந்து வந்ததுதான். முதல் வரைவில் பதின்ம வயதினருக்கும் ஓரளவு பாதுகாப்பு இருந்தது; விவாதத்தில் அது கழன்றுவிட்டது.

ஆக, அந்த எண் ஒரு தளத்தின் தரத்தையும் சொல்லவில்லை, பிள்ளையின் பக்குவத்தையும் சொல்லவில்லை. தகவல் வாங்கப் பெற்றோரைக் கேட்க வேண்டிய கோடு அது. ஒப்புதல் வாங்குவது செலவு பிடித்த வேலை என்பதால், பல நிறுவனங்கள் "13-க்குக் கீழ் அனுமதி இல்லை" என்று எழுதிவிட்டு ஒதுங்கிக்கொண்டன. பிள்ளைகளா ஒதுங்குவார்கள்? பெற்றோரே கைகொடுத்தார்கள். 2011-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 12 வயதுப் பிள்ளை உள்ள பெற்றோரில் 55 சதவீதம் பேர் தங்கள் பிள்ளைக்கு ஃபேஸ்புக் கணக்கு இருப்பதாகச் சொன்னார்கள். என் மகன் தனி ஆள் இல்லை.

நல்ல தளங்களைப் பொறுக்கித் தரும் முயற்சிகளும் நடக்காமல் இல்லை. 1996-லேயே யாஹூ நிறுவனம் "யாகூலிகன்ஸ்" என்று சிறுவர்களுக்கான பட்டியலைத் தொடங்கியது. ஆட்கள் உட்கார்ந்து ஒவ்வொரு தளமாகப் பார்த்துச் சேர்த்த பட்டியல் அது. 2002-ல் அமெரிக்க அரசே குழந்தைகளுக்கென்று 'கிட்ஸ் டாட் யுஎஸ்' என்ற தனி முகவரிப் பிரிவை ஏற்படுத்தியது. வெளித்தளங்களுக்கு இணைப்புத் தரக்கூடாது என்பது அதன் விதி. சுவர் நன்றாகத்தான் இருந்தது, உள்ளே குடிவரத்தான் ஆளில்லை. 2012-ல் மூடிவிட்டார்கள். 2005-ல் வந்த கிளப் பென்குவின் என்ற விளையாட்டு கொஞ்சம் புத்திசாலித்தனமாக யோசித்தது. அதில் பெற்றோர் விரும்பினால், ஏற்கெனவே எழுதிவைத்த வாக்கியங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மட்டுமே பிள்ளை பேச முடியும்படி வைக்கலாம். அதுவும் 2017-ல் முடிந்தது.

அதற்குள் பிள்ளைகள் யூடியூபுக்குப் போய்விட்டார்கள். 2015-ல் குழந்தைகளுக்கென்று தனி யூடியூப் செயலி வந்தது; கார்ட்டூன் பாத்திரங்களை வைத்து எடுத்த கோரமான வீடியோக்கள் அதிலும் நுழைந்துவிட்டது 2017-ல் பெரிய செய்தியானது. 2019-ல், பெற்றோரைக் கேட்காமல் குழந்தைகளின் தகவலைச் சேகரித்ததற்காக யூடியூபும் கூகுளும் 17 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. எந்தச் சட்டத்தின் கீழ் என்கிறீர்கள்? அந்தப் பழைய கோப்பாதான்.

எனக்கு மிகவும் உதவியது இங்கிலாந்து 2020-ல் கொண்டுவந்த விதித்தொகுப்பு. ஒரே கோடு போடாமல் குழந்தைப் பருவத்தை ஐந்தாகப் பிரிக்கிறது: 5 வரை, 6 முதல் 9, 10 முதல் 12, 13 முதல் 15, 16-17. எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தைக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் ஒரே எச்சரிக்கை போதாது என்பது எந்தப் பாட்டிக்கும் தெரியும். சட்டத்துக்குத் தெரிய இருபது வருடம் ஆகியிருக்கிறது. இதை வைத்துக்கொண்டுதான் இப்போது என் பேத்திக்குத் தளம் பார்க்கிறேன். அவளுக்கு 6. ஸ்க்ராட்ச் ஜூனியர் என்ற செயலியில் பூனையை ஓடவிட்டுக்கொண்டிருக்கிறாள். அதற்குக் கணக்கே தேவையில்லை. பெங்களூரு பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் வாசிப்பு நிலைவாரியாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், முதல் நிலையை மடியில் உட்காரவைத்துப் படிக்கிறோம். ஒரு தளத்தைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது, அது என்ன காட்டுகிறது என்பதை அல்ல, என்ன கேட்கிறது என்பதை.

நம் நாட்டில் 2023-ல் நிறைவேறிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் கோட்டை 18-ல் போட்டிருக்கிறது. அதுவரை பெற்றோர் ஒப்புதல் வேண்டும். பிள்ளைகளைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக்கூடாது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன, படிப்படியாக அமலாகும். ஆனால் எந்தச் சட்டமும் தொடங்குவது நாம் தட்டும் அந்தப் பிறந்த ஆண்டிலிருந்துதான்.

இதைத்தான் மகனிடம் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். பொய் வயதும் பிள்ளையோடு சேர்ந்தே வளர்கிறது. பேரன் 14-ஐத் தொடும்போது அந்தத் தளத்துக்கு அவன் 18 வயது ஆள். பெரியவர்களுக்கான விளம்பரம் வரலாம், முன்பின் தெரியாதவர் செய்தி அனுப்பலாம். தடுக்க வேண்டிய காரணம் எதுவும் தளத்திடம் இருக்காது. மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு இருவரும் உட்கார்ந்து ஆண்டைத் திருத்த வழி தேடினார்கள். கிடைக்கவில்லை. கணக்கை அழித்துப் புதிதாகத் தொடங்கலாம். ஆனால் மூன்று வருடம் சேர்த்த புள்ளிகள் எல்லாம் போய்விடும். "நாளைக்குச் சொல்றேன் தாத்தா" என்றான் பேரன். நான்கு நாளாகிறது.