புரொஜெக்டர் இரைச்சலைக் குறைத்தல்

காணாமல் ஆக்கப்பட்ட மகனைப் பற்றி ஒரு தாய் தாழ்ந்த குரலில் பேசும் ஆவணப்படம். புரொஜெக்டரின் விசிறி இரைச்சல் அந்தக் குரலை விழுங்கிவிடக்கூடாது.

முதலில் ‘ஹை அல்டிடியூட்’ என்ற தெரிவைப் பாருங்கள். காற்று அடர்த்தி குறைந்த மலைகளில் வெப்பத்தை அகற்ற விசிறியை வேகமாகச் சுழற்றுவது அது. பல கருவிகளுக்கு இது சுமார் 1500 மீற்றருக்கு மேல்தான் தேவை. 1868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் வேண்டும். மாத்தளை மாவட்டத்து யட்டவத்தையில் வேண்டியதில்லை. மேலேயிருந்து இரவல் வாங்கிய கருவியென்றால் மறக்காமல் அணைத்துவிடுங்கள். விசிறியின் வேகம் பாதியானால் இரைச்சல் ஏறத்தாழ 15 டெசிபல் குறையும்.

தூசு வடிகட்டியைத் துப்புரவாக்குங்கள். ‘எக்கோ’ முறையில் ஒளி சற்று மங்கும். யன்னல்களுக்குத் திரை போடுங்கள். காற்றுத் துவாரங்களைத் துணியால் மூடவே வேண்டாம், கருவி சூடேறிப் பாதியில் நின்றுவிடும். ஒலிபெருக்கி திரையருகே இருக்கட்டும்.