கறுவாவும் கணக்கும்: மட்டக்களப்பு வாவியில் ஒரு கொள்வனவின் வரலாறு

நேயர்களே, இக்காலத்துப் பெருநிறுவனம் எதை எடுத்துக்கொண்டாலும் அங்கே கொள்வனவுப் பகுதி என ஒன்று இருக்கக் காணலாம். வேண்டிய பொருளை, வேண்டிய தரத்தில், வேண்டிய காலத்தில், தாங்கக்கூடிய விலைக்குப் பெறுவதே அதன் பணி. கேட்பதற்கு எளிய காரியம். நடத்திப் பார்த்தவர்க்கே அதன் கடுமை தெரியும். யார் பெயரால் வாங்குவது, விற்பவனை எவ்வாறு அறிவது, ஒப்பந்தத்தை எம்மொழியில் எழுதுவது, கணக்கை எவர் வைப்பது என்னும் கேள்விகள் இன்றும் முகாமையாளரை உறங்கவிடுவதில்லை. இவை நம் காலத்தில் முளைத்த இடர்கள் என்று எண்ணுவோர் பலர். ஆனால் 1602ஆம் ஆண்டு முதல் 1640ஆம் ஆண்டு வரையுள்ள முப்பத்தெட்டு ஆண்டுகளுள் இக்கேள்விகள் அத்தனையும் மட்டக்களப்பு வாவியின் கரையில் எழுந்தன. அவற்றுக்குத் தவறான விடை கண்டவர் சிலர் உயிரையும் இழந்தனர்.

வாங்க வந்தவர் ஒல்லாந்தர். அவர்கள் வந்த காரணமே ஒரு கொள்வனவுச் சிக்கல்தான். 1595ஆம் ஆண்டு தொடங்கி ஒல்லாந்து நகரங்களின் வணிகர் தனித்தனிக் கூட்டுகளாகக் கூடிக் கீழைநாடுகளுக்குக் கப்பல் விடுத்தனர். ஒரே துறைமுகத்தில் ஒரே நாட்டார் பலர் போட்டியிட்டு மிளகு வாங்கவே அங்கே விலை ஏறிற்று. எல்லோரும் ஊர் திரும்பி ஒருங்கே விற்கவே இங்கே விலை இறங்கிற்று. இரு முனையிலும் நட்டம். இதனைத் தடுக்க வேண்டியே அந்நாட்டு அரசு இடைப்பட்டு, 1602 மார்ச்சு 20ஆம் நாள் அக்கூட்டுகளையெல்லாம் ஒன்றாக்கி ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியை அமைத்தது. பங்குதாரர் பலரின் பணத்தில் இயங்கிய அக்கம்பனியைப் பதினேழு பணிப்பாளர் ஆண்டனர். அவர்களது கட்டளை கடல் கடந்து வந்து சேர மாதங்கள் பல செல்லும். ஆகவே வாங்கும் இடத்தில் நிற்பவன் தன் மதியையே துணையாகக் கொள்ள வேண்டியிருந்தது.

இலங்கையில் அவர்கள் நாடியது கறுவா. அதுவோ நீர்கொழும்பிலிருந்து மாத்தறை வரையுள்ள தென்மேற்குக் கரையை அடுத்த நிலத்தில் செழித்தது. அக்கரையில் கொழும்பும் காலியும் போர்த்துக்கேயர் கையில் இருந்தன. மட்டக்களப்போ நெல்லும் மீனும் மிக்க நாடு. கறுவாவுக்குப் பேர்போன நாடன்று. எனினும் போர்த்துக்கேயரின் கோட்டை அந்நாளில் இங்கே எழவில்லை. கண்டி மன்னரிடம் செல்லும் வழியும் இங்கிருந்து இருந்தது. சரக்கு விளையும் இடத்துக்குப் போக இயலாதவன், சரக்குடையவனைக் காணக்கூடிய இடத்துக்கு வந்தான் என்று சொல்லலாம்.

முதலில் வந்தவர் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன். சீலாந்து மாகாணத்து வணிகர் பல்தசார் டி மூஷெரோன் என்பார் அனுப்பிய மூன்று கப்பல்களுடன் 1601 மே மாதம் புறப்பட்டு, 1602 மே இறுதியில் மட்டக்களப்புக் கடலில் நங்கூரமிட்டார். அவர் கடலில் இருக்கும்போதே தாய்நாட்டில் புதிய கம்பனி உருவாகிவிட்டது. தம்மை அனுப்பிய அமைப்பின் நிலை மாறியதை அறியாமலே அவர் விலை பேசிக்கொண்டிருந்தார். நிறுவனங்கள் இணைக்கப்படும்போது வெளியூரிலிருக்கும் அலுவலர்க்கு இன்றும் இது நேர்வதுண்டு.

மட்டக்களப்புச் சிற்றரசர் இவர்களை எளிதில் நம்பவில்லை. வெள்ளை நிறத்தவர் எல்லோரும் போர்த்துக்கேயரே என்று கருதப்பட்ட காலம் அது. மிளகு தருவதாகச் சொல்வதும் நாள் கடத்துவதுமாக வாரங்கள் கழிந்தன. ஈற்றில் ஸ்பில்பேர்கன் மகியங்கனை வழியாகக் கண்டிக்குச் சென்று முதலாம் விமலதர்மசூரிய மன்னரைக் கண்டார். அங்கே நடந்ததைப் பின்னர் அச்சேறிய அவரது பயணக் குறிப்பு சுவைபடக் கூறுகிறது. கறுவாவுக்கும் மிளகுக்கும் என்ன விலை தருவீர் என்று மன்னர் வினவினார். பேரம் நெடுநேரம் நீண்டது. மன்னர் சொன்ன விலை மிக அதிகமாயிருந்தது. உடனே ஸ்பில்பேர்கன் பேச்சை மாற்றி, தாம் கறுவா வாங்க வரவில்லை என்றும், மோரிஸ் இளவரசரின் நட்பையும் போர்த்துக்கேயருக்கு எதிரான உதவியையும் அளிக்கவே வந்ததாகவும் கூறினார். மன்னர் பெரிதும் மகிழ்ந்து அவரைத் தழுவிக்கொண்டார். தம்மிடம் இருந்த கறுவாவையும் மிளகையும், அளவு சிறிதேயெனினும், அவருக்கே அளித்தார்.

வாங்குவோன் விற்பவனுக்கு உண்மையில் எது வேண்டும் என்பதைக் கண்டுகொண்ட கணம் அது. மன்னருக்குப் பொன் வேண்டியிருக்கவில்லை, கடற்படை வேண்டியிருந்தது. ஆனால் ஸ்பில்பேர்கன் கொடுத்தது சொல். அச்சொல்லை நிறைவேற்றும் பொறுப்பு அடுத்து வந்தவன் தலையில் விழுந்தது.

அடுத்து வந்தவர் செபால்ட் டி வேர்ட். கம்பனியின் முதற் கப்பற்றொகுதியின் துணைத் தளபதி. 1602ஆம் ஆண்டின் இறுதியில் மட்டக்களப்பை அடைந்து, கண்டிக்கும் சென்று, காலியைக் கடல்வழி முற்றுகையிட இசைந்து, அச்சேத் துறையிலிருந்து மேலும் கப்பல்களுடன் 1603இல் திரும்பினார். இடையில் இரண்டு பிழைகள் நிகழ்ந்தன. அவருடைய மாலுமிகள் கரையிறங்கி மாடுகளைக் கொன்று தின்றனர். பசுவைப் புனிதமாகப் போற்றும் மக்கள் வாழும் ஊரில் இதனினும் பெரிய பகை தேட ஒருவனால் இயலாது. மற்றொன்று, பிடித்த போர்த்துக்கேயக் கப்பல்களின் ஆட்களை அவர் விடுதலை செய்தது. தமக்கு வாக்களிக்கப்பட்ட பகைவர் கண்முன்னே விடப்பட்டதை மன்னர் வஞ்சகமாகக் கண்டார். மன்னரே மட்டக்களப்புக்கு வந்திருந்த வேளையில் வார்த்தை தடித்தது. டி வேர்ட்டும் அவருடன் கரையிலிருந்தோர் பலரும் அங்கேயே கொல்லப்பட்டனர்.

சரக்கின் விலையைப் பற்றி ஒரு சொல் மாறுபாடும் இல்லாதிருந்தும் கொள்வனவு முறிந்தது. தலைவன் அரண்மனையில் இனிமையாகப் பேசினால் மட்டும் போதாது, அவனுடைய ஆட்கள் கடற்கரையில் எவ்வாறு நடக்கின்றனர் என்பதும் பேரத்தின் பகுதியே என்பதை அந்தக் கம்பனி எழுதி வைத்ததோ இல்லையோ, மட்டக்களப்பார் மறந்திருக்க மாட்டார்.

அதன்பின் ஒரு தலைமுறை கழிந்தது. 1628இல் போர்த்துக்கேயர் வாவி சூழ்ந்த புளியந்தீவில் கோட்டை எழுப்பினர். கண்டியில் இரண்டாம் இராசசிங்கன் அரியணையில் இருந்தான். 1636இல் அவன் தமிழ்நாட்டுக் கரையில் பழவேற்காட்டிலிருந்த ஒல்லாந்தருக்குப் பிராமணத் தூதர் ஒருவர் வாயிலாக உதவி வேண்டி ஓலை விடுத்தான். இம்முறை விற்பவனே வாங்குவோனைத் தேடினான் என்பதை நோக்குக. 1638 மார்ச்சில் கன்னொறுவையில் போர்த்துக்கேயப் படையை அவன் அழித்தான். மே மாதம் ஆதம் வெஸ்டர்வோல்ட் தலைமையில் ஒல்லாந்தக் கப்பல்கள் வந்தன. 18ஆம் நாள் புளியந்தீவுக் கோட்டை பணிந்தது. ஐந்து நாள் கழித்து, மே 23இல், மட்டக்களப்பிலேயே உடன்படிக்கை எழுதப்பட்டது.

நேயர்கள் இவ்வுடன்படிக்கையை ஒரு கொள்வனவு ஒப்பந்தமாகவே படித்துப் பார்க்க வேண்டும். கம்பனி தருவது கப்பலும் படையும்; மன்னன் தருவது கறுவா, மிளகு, ஏலம், மெழுகு முதலிய சரக்கு. காட்டுக் கறுவா ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது என்று தரமும் குறிக்கப்பட்டது. இன்றைய கேள்விப்பத்திரம் எதற்கும் இது குறைந்ததன்று. பிற ஐரோப்பியருக்கு விற்கலாகாது என்னும் தனியுரிமையும் கம்பனிக்குக் கிடைத்தது. ஆனால் இரண்டு இடங்களில் அது ஓட்டைப் பானையாக இருந்தது.

பிடிக்கப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை இருக்கலாம் என்றது ஒரு விதி. மன்னனிடம் இருந்த போர்த்துக்கேய மொழிப் படியில், மன்னன் விரும்பினால் என்னும் பொருள்படும் சொற்கள் சேர்ந்திருந்தன. பத்தாவியாவுக்கு அனுப்பப்பட்ட ஒல்லாந்தப் படியில் அச்சொற்கள் காணப்படவில்லை. இரு திறத்தாரும் தத்தம் தாளைக் காட்டித் தாமே நேர்மையாளர் என்று வாதிட வழி பிறந்தது. எழுதுவோர் கைதவறியதா, வேண்டுமென்றே விட்டதா என்று வரலாற்றாசிரியர் ஆராய்ந்துள்ளனர். அதனால் நன்மை பெற்றவர் யார் என்பதில் ஐயமில்லை.

மற்ற ஓட்டை கணக்கு. போர்ச் செலவு முழுவதையும் மன்னன் சரக்காகத் தீர்க்க வேண்டும். அச்செலவு எவ்வளவு என்று எழுதுவதோ கம்பனியின் எழுதுவினைஞர். கப்பலின் ஒவ்வொரு நாளும், வீரனின் ஒவ்வொரு வேளைச் சோறும் அப்பேரேட்டில் ஏறின. 1640இல் நீர்கொழும்பும் காலியும் விழுந்தபின் கறுவா நிலம் கம்பனியின் கைக்குள் வந்தது. அங்கே உரித்த கறுவாவின் ஆதாயத்தைக் கடனில் கழிக்க வேண்டுமென்று மன்னன் எண்ணியது இயல்பே. கம்பனியோ கடன் தீரும்வரை கோட்டை தன்னதே என்றது. கடன் தீரவேண்டும் என்பதில் அதற்கு விருப்பமும் இல்லை. கடன் தீர்ந்தால் கோட்டையை விட வேண்டுமல்லவா?

காலியைப் பிடித்த வில்லெம் கொஸ்டர் இச்சிக்கலைத் தீர்க்கவே கண்டிக்குச் சென்றார். அரசவையாரோடு கடுஞ்சொல் பேசிப் பிணங்கி, மட்டக்களப்பு வழியே திரும்புகையில், 1640 ஆகத்தில், உடன் வந்த காவலராலேயே கொல்லப்பட்டார். வீரத்தில் குறைந்தவரல்லர், ஆனால் கோட்டையை வெல்லுந் திறனும் கணக்கைப் பேசித் தீர்க்குந் திறனும் ஒருவரிடத்தே அமைவது அரிது. நிறுவனங்கள் இன்றும் முன்னதைக் கண்டு பின்னதற்கு ஆள் நியமிப்பதைப் பார்க்கிறோம்.

மன்னனும் வாளாவிருக்கவில்லை. ஒல்லாந்தரின் கைப்பட்ட நிலங்களிலிருந்து குடிகளை அகற்றினான், ஊர்களைப் பாழாக்கினான். கறுவா மரம் நின்றும் அதை உரிக்கும் கைகள் இல்லாத நிலை பலமுறை ஏற்பட்டது. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கியதாகச் சிங்கள மக்கள் இராசசிங்கனைப் பற்றிச் சொல்லும் பழமொழி இப்போதும் வழங்குகிறது. 1656இல் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் வீழ்ந்து போர்த்துக்கேயர் அகன்றனர். பேரேட்டில் மன்னன் பெயரிலிருந்த கடன் மட்டும் அகலவில்லை.

நூறாண்டுக்கு மேலாகக் கறுவா உரிப்போர் கண்டி மன்னரின் எல்லைக்குள்ளும் சென்று உரிக்க வேண்டியிருந்தது; அதற்கு ஆண்டுதோறும் தூதும் காணிக்கையும் அனுப்பி இசைவு பெற வேண்டியிருந்தது. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கரையோரம் முழுவதும் கம்பனிக்கு உரித்தாயிற்று. அதன் பின்னரே, 1769இல், ஆளுநர் பல்க் என்பவர் கொழும்பு மருதானையில் கறுவாவைத் தோட்டப் பயிராக நடுவித்தார். காட்டு மரத்தில் உரிப்பதே சிறந்தது, நட்டால் தரம் கெடும் என்று அதுவரை பலர் நம்பியிருந்தனர். நட்டவை நன்றாகவே வளர்ந்தன. புளியந்தீவுக் கோட்டையோ கறுவாவை மறந்து, பிற்காலத்தில் மட்டக்களப்புக் கச்சேரியின் அலுவலகங்களுக்கு நெடுநாள் இடங்கொடுத்தது.